அந்த ஒன்றரைச் சுற்றைக் கண்டுபிடித்தவன் யார்?

"கார்புரேட்டரில் பெட்ரோல் கலவையைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் ஸ்குரூவை முழுசாக உள்ளே முறுக்கு, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடு, அவ்வளவுதான்." இதை இன்னும் ஒருவர் என்னிடம் சொன்னால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

ஹூஸ்டனில் எங்கள் வீட்டு கராஜில் ஒரு 1970 செவர்லே செவல் கார் நிற்கிறது. வேகத்துக்குப் பேர்போன எஸ்.எஸ். 396 மாடல் எல்லாம் இல்லை. என் பர்ஸுக்கு எட்டியது 350 கனஅங்குல வி8 இன்ஜின்தான். இதை முன்பு வைத்திருந்த புண்ணியவான் பழைய கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு ஹோலி கம்பெனியின் நாலு பேரல் கார்புரேட்டரை மாட்டி, ஆசைக்கு வால்வுகளைத் திறக்கிற கேம் ஷாஃப்ட்டையும் பெரிதாகப் போட்டிருந்தார். சத்தம் அருமை. ஆனால் ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது, இன்ஜின் நிலையாக ஓடாது.

கியர் பார்க்கில் இருந்தால் நிமிஷத்துக்கு 850 சுற்று. டிரைவில் போட்டால் 450, ஒரு உலுக்கல், செத்துப்போகும். அதுவும் சிவப்பு விளக்கில், பின்னால் பத்துப் பேர் ஹாரன் அடிக்கும்போது. சரி, ஐடில் ஸ்பீட் ஸ்குரூவைக் கூட்டினேன். இப்போது டிரைவில் போட்டால் யாரோ பின்னாலிருந்து இடித்ததுபோல் ஒரு 'டொக்'. பெட்ரோல் நாற்றத்தில் கண் எரிகிறது. சாவியை எடுத்த பிறகும் இன்ஜின் நாலு தடவை குலுங்கிவிட்டுத்தான் நிற்கிறது. சாவி என் கையில் இருக்கிறது ஐயா, நீ யார் பேச்சைக் கேட்டு ஓடுகிறாய்?

மிக்சர் ஸ்குரூ இரண்டையும் மூன்று வாரம் திருகினேன். இன்ஜின் காற்றை உறிஞ்சும் பலத்தைக் காட்டுகிற வேக்குவம் கேஜின் முள் 9-ஐ விட்டு நகரவில்லை. ஒரு கட்டத்தில் கடுப்பாகி ஒரு ஸ்குரூவை முழுசாக மூடியே விட்டேன். எந்த இன்ஜினும் அப்போது திணற வேண்டும். இது கவலையே படாமல் ஓடியது! கோயில் உண்டியலுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, பின்பக்கச் சுவரில் ஓட்டை விட்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

அந்த ஓட்டைக்குப் பெயர் டிரான்ஸ்ஃபர் ஸ்லாட். காற்று வழியைத் திறந்து மூடுகிற த்ராட்டில் தகட்டின் ஓரத்தை ஒட்டி, கார்புரேட்டரின் உட்சுவரில் இருக்கும் ஒரு மெல்லிய பிளவு. ஐடிலிங்கில் அது தகட்டுக்குக் கீழே ஒரு சின்னச் சதுரம் அளவுக்குத்தான் தெரிய வேண்டும். நான் ஸ்பீட் ஸ்குரூவைக் கூட்டக் கூட்டத் தகடு திறந்து, பிளவு நீளமாக வெளியே வந்து, பெட்ரோல் அந்த வழியாகவே கொட்டிக்கொண்டிருந்தது. மிக்சர் ஸ்குரூவுக்கு வேலையே இல்லை. கார்புரேட்டரைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்கிறேன், முழுப் பிளவும் என்னைப் பார்த்து இளிக்கிறது.

ஏன் இவ்வளவு திறக்க வேண்டியிருந்தது? டைமிங், அதாவது தீப்பொறி எவ்வளவு முன்கூட்டி விழுகிறது என்கிற கணக்கு. அது போதாவிட்டால் இன்ஜின் சோம்பும், தகட்டை அதிகம் திறந்துதான் ஓட்ட வேண்டும். பெரிய கேம் போட்ட மனிதர் டைமிங்கை 4 டிகிரியிலேயே விட்டுவிட்டார். இந்தக் கேமுக்கு அது எந்த மூலைக்கு? தீப்பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி 14 வைத்தேன். கார்புரேட்டரை நான் தொடவே இல்லை, வேகம் தானாக ஆயிரத்தைத் தாண்டியது. ஸ்பீட் ஸ்குரூவைக் குறைத்தேன், தகடு மூடியது, மிக்சர் ஸ்குரூ இரண்டுக்கும் உயிர் வந்தது. கால் சுற்றுக்கு முள் அசைகிறது! 12-ல் வந்து நின்றது. (ஐடிலிங்கில் டைமிங்கைப் பத்து டிகிரி கூட்டினால், இன்ஜின் வேகமாக ஓடும்போதும் பத்து கூடும். மொத்தம் 36-ஐத் தாண்டாமல் இருக்க டிஸ்ட்ரிபியூட்டரைப் பிரித்தது இன்னொரு ஞாயிற்றுக்கிழமையின் கண்ணீர்க் கதை.)

என் வயிறு எரிவது இதற்காக இல்லை. வண்டியோடு வந்த ஃபைலை நேற்று புரட்டினேன். ஒரே கடையின் மூன்று பில்கள். மூன்றிலும் 'கார்புரேட்டர் சரிசெய்யப்பட்டது'. மூன்று தடவை காசு வாங்கியிருக்கிறார்கள், ஒரு தடவைகூட டைமிங்கை அளக்கும் டைமிங் லைட்டைக் காட்டவில்லை. கண்ணுக்குத் தெரிகிற ஸ்குரூவைத் திருகிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். மூன்றாவது பில்லின் அடியில் பேனாவால் ஒரு வரி வேறு: பழைய வண்டி, இப்படித்தான் ஓடும்.

இன்று மாலை அந்தக் கடைக்கு எதிர் சிக்னலில் சிவப்பு விழுந்தது. டிரைவில் 700, முள் ஆடவில்லை. பச்சை விழுந்தும் கிளம்பாமல் ஒரு நீண்ட ஹாரன் அடித்துவிட்டுத்தான் வந்தேன்.