மெழுகுவர்த்தியோடு நின்றுவிட்டால் எப்படி?
மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா என்ற மனநோய்) உள்ளவர்களின் மறுவாழ்வு பற்றிய கட்டுரையைப் படித்தேன். பயிற்சி என்றதும் அதில் மெழுகுவர்த்தி செய்வதும் காகித உறை செய்வதும்தான் வருகின்றன. நான் தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம். இங்கே அதை யார் வாங்குவார்கள்? தக்காளி தரம் பிரிப்பது, மாட்டைப் பார்த்துக்கொண்டு காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வருவது, இதுதான் எங்கள் ஊர்ப் பிழைப்பு. பயிற்சியும் அதை ஒட்டி இருக்க வேண்டாமா?

என் அக்கா மகனுக்கு மருந்தில் காதில் கேட்ட குரல்கள் அடங்கிவிட்டன. ஆனால் குளிக்கச் சொன்னால்கூட எழுந்திருக்க மாட்டான். ஊரார் சோம்பேறி என்றார்கள். அதுவும் நோயின் ஒரு பாதிதான் சார், மாத்திரை அதில் அவ்வளவாக வேலை செய்வதில்லை. (அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.) பல் துலக்குவது, கடையில் மீதிச் சில்லறை எண்ணி வாங்குவது, நாலு பேரிடம் முகம் பார்த்துப் பேசுவது என்று பழக்கிப் பழக்கித்தான் மீட்க வேண்டியிருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை கிட்டத்தில்தானே என்பார்கள். இதற்காகத் தினமும் பஸ் ஏறவா முடியும்? தாலுகாவுக்கு ஒரு பகல்நேர மையமாவது வேண்டும்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் உண்டு. பல குடும்பங்களுக்கு இது தெரியாது, சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். ஆலோசனைக்கு அரசின் மனநலத் தொலைபேசி சேவை டெலி மானஸ் 14416, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.