ரிம் பொருந்தினால் போதுமா?

"ரிம் 15 இஞ்ச்தானே, கார் டயரையே பிக்கப்புக்கு மாட்டுங்க, காசு மிச்சம்" என்றொரு வாட்ஸ்அப் செய்தி சேலம் வண்டிக்காரர்களிடையே சுற்றுகிறது. ரிம்மில் உட்காரும் என்பது மட்டும் உண்மை. சுமை தாங்காது.

டயரின் பக்கவாட்டில் அளவை அடுத்து ஓர் எண் இருக்கும். அதுதான் சுமை எண். கார் டயரில் 91 என்றிருந்தால் அந்த ஒரு டயர் 615 கிலோ தாங்கும். பிக்கப் டயரில் 100 என்றிருந்தால் 800. பின்பக்கம் இரண்டு டயருக்கும் சேர்த்து 370 கிலோ வித்தியாசம்: ஐம்பது கிலோ காப்பிக்கொட்டை மூட்டை ஏழு! அந்தப் பாரத்தோடு ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால் பக்கச்சுவர் நசுங்கி நசுங்கிச் சூடேறும். டயர் வெடித்தால் ஒதுங்க அங்கே ஓரமும் கிடையாது.

104/101 என்று இரண்டு எண் இருந்தால், பின்னால் பக்கத்துக்கு ஒரே சக்கரம் உள்ள பிக்கப்புக்கு முதல் எண்தான் கணக்கு. வண்டியின் கையேட்டில் சொன்னதைவிடக் குறைவான சுமை எண்ணை, கடைக்காரர் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும், வாங்காதீர்கள்.

"தேயாத டயர் என்றால் வயசு பார்க்க வேண்டாம்" என்று அதே செய்தியில் ஒரு வால் வேறு. ரப்பர் சும்மா கிடந்தாலும் இறுகி வெடிப்பு விடும். பக்கவாட்டில் 2319 என்றிருந்தால் 2019-இன் 23-ஆம் வாரத்தில் தயாரானது.