6ஏ என்றால் பதவி உயர்வு இல்லை

அமெரிக்காவின் டெக்சஸ் மாநில உயர்நிலைப் பள்ளி ஃபுட்பால் (நம் கால்பந்து அல்ல, அமெரிக்கன் ஃபுட்பால்) பற்றி ஒரு நண்பர், ஆலன் பள்ளி 5ஏ-வில் தொடர்ந்து ஜெயித்ததால் 2014-ல் 6ஏ-வுக்கு உயர்த்தப்பட்டது என்று எழுதியிருக்கிறார். (5ஏ, 6ஏ என்பவை பள்ளிகளின் அளவை வைத்துப் பிரித்த பிரிவுகள், எண் கூடினால் பள்ளி பெரிது.) ஆண்டு சரிதான், காரணம் அது இல்லை.

அந்த வருடம் மாறியது பெயர்ப்பலகை. ஃபுட்பாலில் அணிக்கு ஆறு பேர் ஆடும் குட்டிப் பள்ளிகளுக்கு அதுவரை எண் கிடையாது, 'சிக்ஸ்-மேன்' என்றே சொல்வார்கள். போட்டிகளை நடத்தும் யூஐஎல் அமைப்பு அந்தப் பிரிவை 1ஏ ஆக்கியது. அப்புறம் என்ன, பழைய 1ஏ 2ஏ ஆனது, அப்படியே ஏறிக்கொண்டு போய்ப் பழைய 5ஏ 6ஏ-வில் நின்றது. ரயிலில் முன்னால் ஒரு பெட்டி சேர்ந்தால் நம் பெட்டியின் எண் மாறுமே, அந்த மாதிரி. ஆலன் அதற்கு முன்பும் மிகப் பெரிய பள்ளிகளின் பிரிவில்தான் ஆடியது.

வெற்றி தோல்வி இந்தக் கணக்கிலேயே வராது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் யூஐஎல் பிரிக்கிறது. 2024 பிரிப்பில் 6ஏ-வுக்குக் குறைந்தது 2,275 மாணவர்கள் வேண்டியிருந்தது. (விரும்பினால் ஒரு பள்ளி தானாகவே மேல் பிரிவைக் கேட்டு வாங்கலாம், அது வேறு கதை.)

சரிபார்ப்பது சுலபம். யூஐஎல் தளத்தில் மாநில சாம்பியன் பட்டியலைத் திறந்து 2013, 2014 இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2013-ல் 6ஏ என்ற வரியே இருக்காது. 2014-ல் இருக்கும். ஆலன் இரண்டிலும் உச்சிப் பிரிவில் இருக்கும்.