தண்ணீர் எப்போது வரும் என்று சொல்லாத திட்டம்

நெல் வயலிலிருந்து வரும் மீத்தேன் வாயுவைக் குறைக்க, வயலை இடையிடையே காயப் போடச் சொல்கிறார்கள். அதைப் பற்றிச் சனிக்கிழமை திருவாரூரில் நடந்த கூட்டத்து வீடியோவைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு பெரியவர் எழுந்து "காயப் போடறோம் சார், மறுபடி தண்ணி எப்ப வரும்?" என்று கேட்டார். "அது வேற டிபார்ட்மெண்ட்" என்று மேடையிலிருந்து பதில் வந்தது. முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். மூன்று நாளாக அந்தச் சிரிப்பு மனதை விட்டுப் போகவில்லை.

மீத்தேன் விஷயத்தை நான் மறுக்கவில்லை. தண்ணீர் கட்டி நிற்கும் வயலில் மண்ணுக்குக் காற்று போகாது, அந்தச் சேற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்கும். காற்றில் அதன் ஆயுள் சுமார் 12 வருடம்தான். ஆனால் 20 வருடக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட 80 மடங்கு சூடேற்றும். இன்று குறைத்தால் நம் காலத்திலேயே பலன் தெரியும். அதற்கு நாடுகள் தேசியத் திட்டம் தீட்டுவதும், 2019-ல் இந்தியா சேர்ந்த காலநிலை மற்றும் தூய காற்றுக் கூட்டணி போன்ற சர்வதேச அமைப்புகள் அந்த வேலைக்கு நிதி கொடுப்பதும் நல்ல காரியம். சரி, அந்தத் திட்டத்தில் எங்கள் மதகு இருக்கிறதா?

காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் பாய்ச்சும் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' முறை எங்களுக்குப் புதிதல்ல. துளை போட்ட குழாயை வயலில் பதித்து, தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் மறுபடி பாய்ச்ச வேண்டும். அந்த நாளில் வாய்க்காலில் தண்ணீர் ஓட வேண்டுமே! போர்வெல் வைத்திருப்பவர் மோட்டாரைப் போட்டுக்கொள்வார். தலைஞாயிறு பக்கம், வாய்க்கால் முடியும் எங்கள் கடைமடையில் போர்வெல் போட்டால் உப்புத் தண்ணீர்தான். வாய்க்காலில் எங்கள் முறை வந்தால்தான் எங்களுக்குத் தண்ணீர்.

2016 சம்பாவில் அப்பா ஒருவர் பேச்சைக் கேட்டு அரை ஏக்கரைக் காயவிட்டார். முறை வரவில்லை, மழையும் பொய்த்தது. மண் பாளம் பாளமாக வெடித்தது, என் கை மணிக்கட்டு வரை உள்ளே போனது. அப்புறம் தண்ணீர் வந்தபோது பயிரை முந்திக்கொண்டு கோரைதான் எழுந்தது. அப்பா யாரையும் திட்டவில்லை. அந்தக் குழாயை மட்டும் பிடுங்கிக் கழுவி, பரணில் வைத்துவிட்டார். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

"விவசாயி எதைச் சொன்னாலும் எதிர்க்கிறான்" என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வார் 2013-ல் கண்மூடும்வரை, நிலத்தடியிலிருந்து மீத்தேன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து இந்த மண்ணில்தான் ஊர் ஊராகப் போனார். அந்த வாயுவின் பெயரை எங்களுக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. "கடல் ஏறினால் முதலில் முழுகுவது உங்கள் ஊர்தானே?" ஆமாம். அதனால்தான் கேட்கிறோம். "திட்டம் போடவே பணம் வேண்டாமா?" வேண்டும். அந்தப் பணத்தில் நீர்வளத் துறையையும் வேளாண்மைத் துறையையும் ஒரே மேஜையில் உட்கார வைத்து, எந்த வாய்க்காலில் எந்தத் தேதியில் தண்ணீர் என்று எழுத வையுங்கள். தேதி இல்லாமல் காயப் போடச் சொல்லாதீர்கள்.

சென்னையின் பெருங்குடி, கொடுங்கையூர்க் குப்பைமேடுகளிலிருந்தும் மீத்தேன்தான் வருகிறது. அங்கே யாரையாவது நிற்க வைத்துச் சிரித்தார்களா? எங்களைப் பார்த்தால் மட்டும் ஏன் சிரிப்பு வருகிறது? அந்தப் பெரியவருக்கு என் அப்பா வயது இருக்கும். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டுதான் கேட்டார்.

அவர் எந்த ஊர் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். போய்ப் பார்க்க வேண்டும்.