பேருந்தில் அடிபட்டவர் முதலில் சொல்லும் சொல்

கடந்த ஐப்பசி மாதம் என் அம்மா திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு நகரப் பேருந்திலிருந்து இறங்கும்போது, ஒரு கால் படியிலும் மறு கால் தரையிலும் இருக்கையிலேயே வண்டி நகர்ந்துவிட்டது. கீழே விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. ஓட்டுநர் பதறிப்போய் இறங்கி வந்திருக்கிறார். இளவயதுப் பையன். அவன் முகத்தைப் பார்த்த அம்மா, தன்னைத் தாங்கிப் பிடித்தவர்களிடம், "அவனும் புள்ள குட்டிக்காரனா இருப்பான், போட்டும் விடுங்கய்யா" என்று சொல்லிவிட்டார். மருத்துவமனையில் எப்படி அடிபட்டது என்று கேட்டபோதும், "கால் வழுக்கி விழுந்துட்டேன்" என்றே சொல்லியிருக்கிறார். பணியில் இருந்த மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் அதையே எழுதினார்.

இரக்கத்தில் சொன்ன அந்த ஒற்றை வரிதான் இன்று எங்கள் இழப்பீட்டு வழக்கில் பெரிய முட்டுக்கட்டையாக நிற்கிறது. பேருந்துக்கும் இந்தக் காயத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாடுவதற்கு அந்தப் பதிவேட்டின் நகலையே ஆதாரமாகக் காட்டுகிறது. எங்கள் கையில் இருப்பவை இரண்டு: விழுந்ததைக் கண்ணால் கண்ட பூக்கார அம்மாவின் சாட்சியம் ஒன்று, அம்மாவின் சுருக்குப்பையில் வெற்றிலைக் காம்போடு மடங்கிக் கிடந்த பயணச்சீட்டு மற்றொன்று. வெற்றிலைக் கறை பட்டிருந்தாலும் தேதியும் நேரமும் தெளிவாகத் தெரிகின்றன. அம்மா வழக்கம்போல அதை இறங்கிய இடத்திலேயே எறிந்திருந்தால், நாங்கள் மனுப் போட்டிருக்கவே முடியாது என்று வழக்கறிஞர் சொன்னார்.

எங்கள் பக்கத்து மக்களிடம் இந்த இரக்கம் ஊறிப்போனது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இழப்பீட்டு வழக்கு என்றாலே ஓட்டுநரின் சட்டைப்பையிலிருந்து பணம் பறிப்பது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது தவறு. பணியில் இருக்கும் ஓட்டுநரின் கவனக்குறைவுக்கு வண்டியின் உரிமையாளர் பொறுப்பேற்க வேண்டும் என்பதே சட்டம். வண்டிக்குக் காப்பீடு இருந்தால் அந்த நிறுவனம் தொகையைக் கட்டும். தனி நிதி வைத்திருக்கும் அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்குக் காப்பீட்டிலிருந்து விலக்குத் தர 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. அப்படி விலக்குப் பெற்ற பேருந்து என்றால் கழகமே கொடுத்தாக வேண்டும். ஓட்டுநர்மீதான குற்ற வழக்கு தனியாக நடக்கும். அதில் அவர் விடுதலையானாலும் இழப்பீட்டு மனு அதனால் மட்டும் தள்ளுபடியாகிவிடாது.

இந்த மனுவை அந்தச் சட்டத்தின் 166ஆவது பிரிவின்கீழ் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போட வேண்டும். விபத்து நடந்த ஊருக்கே அலைய வேண்டும் என்பதில்லை. சென்னையில் பேருந்திலிருந்து விழுந்த அம்பாசமுத்திரத்துக்காரர் தாம் குடியிருக்கும் பகுதிக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம். காலத்தில்தான் கவனம் வேண்டும். 1994இல் நீக்கப்பட்டிருந்த காலவரம்பு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக 2022 ஏப்ரல் 1 முதல் ஆறு மாதம் என்று மீண்டும் வந்துவிட்டது. கட்டு அவிழ்க்கட்டும், கை சரியாகட்டும், பொங்கல் கழியட்டும் என்று நாளைத் தள்ளுகிறவர்களுக்கு இந்த ஆறு மாதம் போவதே தெரியாது. மகளிர் கட்டணமில்லாப் பேருந்தில் போகிறவர்கள், "காசே குடுக்கல, நமக்கு என்ன கேள்வி" என்று நினைக்க வேண்டாம். கட்டணம் இல்லாத சீட்டும் பயணச்சீட்டுதான், அவரும் பயணிதான்.

வழக்கறிஞரின் மேசை முன்னால் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று அவர் கேட்டதற்கு அம்மா, "சும்மாதான்யா வீட்ல இருக்கேன்" என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. விடியற்காலையில் வாசல் தெளிப்பதில் தொடங்கி, நான்கு பேருக்குச் சமைத்து, இட்லிக்கு மாவாட்டி, பேரனைப் பள்ளியில் விட்டுத் திரும்பும் கை அது. இன்றைக்கு ஈரத்துணியைப் பிழிய அந்தக் கையால் முடியவில்லை. இல்லத்தரசியின் உழைப்புக்கு வருமான மதிப்பு உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 2001லேயே ஏற்று, 2021இல் கீர்த்தி வழக்கில் இன்னும் அழுத்தமாகச் சொல்லியிருக்கிறது. மருத்துவக் குழு தரும் ஊன விழுக்காட்டை அப்படியே வருமான இழப்பாக எடுத்துக்கொள்ளாமல், அந்தக் காயம் அந்த மனிதரின் பிழைப்பை எவ்வளவு பாதிக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது 2010இல் வந்த ராஜ்குமார் வழக்கின் தீர்ப்பு. கை போனால் தச்சருக்கு ஏறக்குறைய முழுப் பிழைப்பும் போய்விடும், எழுத்தருக்கு வேலை மிஞ்சக்கூடும் என்று அதில் விளக்கியிருக்கிறார்கள். பீடி சுற்றுகிற ஒரு பெண்ணின் விரலை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள்.

கிடைப்பதில் இத்தனை சதவீதம் தர வேண்டும் என்று யாராவது பேரம் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படிப் பங்கு கேட்பதை வழக்கறிஞர்களின் நடத்தை விதிகளே தடை செய்கின்றன. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பாராமலே, சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார்.

தீர்ப்பு வந்த பிறகும் பணம் வராமல் ஆண்டுக்கணக்கில் அலைந்து, கடைசியில் நீதிமன்ற ஊழியர்கள் அரசுப் பேருந்தை ஜப்தி செய்யும் செய்திகளை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்! பாதி வழியில் இறக்கிவிடப்பட்டவர்கள் வழக்குப் போட்டவரைத் திட்டுவார்கள். தீர்ப்பாயம் குறித்த நாளுக்குள் தொகையைக் கட்டியிருந்தால் அந்தப் பேருந்து ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

என் கோரிக்கை சிறியது. நம் பேருந்துகளில் திருக்குறள் எழுதியிருக்கும் இடத்துக்குக் கீழே மூன்று வரி எழுத வேண்டும்: அடிபட்டால் பயணச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள், மருத்துவமனையில் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், ஆறு மாதத்துக்குள் மனுச் செய்யுங்கள். இதை மாவட்ட நிர்வாகத்துக்கு மனுவாக எழுதி வைத்திருக்கிறேன். அம்மா இடது கையால் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.