22 கம்பனி, ஒரே சம்பளம்: சேர்வர் சிப் சந்தையை நான் பார்க்கும் விதம்

சேர்வர் என்பது இணையத்தில் பலருக்கும் ஒரே நேரத்தில் வேலை செய்து கொடுக்கும் கணினி. கோர் என்பது அதன் சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி. 2017 ஜூலையில் இன்டெல் வெளியிட்ட ஸீயொன் என்ற சேர்வர் சிப் வரிசையில் உச்சத்தில் இருந்த 28 கோர் சிப்பின் பட்டியல் விலை 10,009 டொலர். 2019இல் அதற்கு அடுத்ததாக 8280 வந்தது. அதற்கும் 28 கோர்தான், விலையும் அதே 10,009 டொலர்தான். 2020 பெப்ரவரியில் 6258ஆர் என்று இன்னொன்றை இறக்கினார்கள். அதே 28 கோர், ஏறக்குறைய அதே வேகம். ஒரு சேர்வரில் இரண்டுக்கு மேல் பொருத்த முடியாது என்பதுதான் சொல்லும்படியான வித்தியாசம். அதன் விலை 3,950 டொலர்.

பாதிக்கும் கீழே. இடையில் என்ன நடந்தது? 2019 ஓகஸ்டில் இன்டெல்லின் போட்டிக் கம்பனியான ஏஎம்டி 64 கோர் கொண்ட எபிக் என்ற சேர்வர் சிப்பை 6,950 டொலருக்குக் கொண்டுவந்தது. அவ்வளவுதான். இன்டெல்லுக்கு அந்தச் சிப்பைச் செய்யும் செலவு ஒரே வருடத்தில் பாதியாகிவிடவில்லை. வாங்குகிறவர் பக்கத்துக் கடைக்குப் போகலாம் என்ற நிலை வந்தது, விலை இறங்கியது. அப்படியென்றால் அதற்கு முந்திய வருடங்களில் உலகம் முழுக்கக் கட்டிய பணத்தில் எவ்வளவு பகுதி வேறு கடை இல்லாததற்காகவே கட்டியது? இந்தக் கேள்வி எனக்குச் சும்மா வரவில்லை.

நாங்கள் நான்கு பேர் இலங்கையின் மலையகத்தில், அட்டனில் ஒரு கடைக்கு மேல்மாடியில் இருந்து, டியூஷன் வகுப்புகளுக்கான மென்பொருள் செய்கிறோம். வரவு, மாதக் கட்டணம், புள்ளி, பெற்றோருக்குப் பற்றுச்சீட்டு. எங்கள் சேர்வர்கள் மலையில் இல்லை, கிளவுடில், அதாவது பெரிய கம்பனிகள் இணையம் வழியாக விடும் கணினிகளில், வாடகைக்கு இருக்கின்றன. வாடகை டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதம் 360ஐத் தொட்டது. டொலர் கணக்கில் ஒரு சதமும் கூடவில்லை, ரூபாக் கணக்கில் எங்கள் பில் கிட்டத்தட்ட இரட்டிப்பானது. அதே நாட்களில் 13 மணித்தியால மின்வெட்டும் இருந்தது. வகுப்புகள் பாதி நின்றுபோயிருந்தன. வகுப்பு நடத்துகிறவர்களிடம் கட்டணத்தைக் கூட்டிக் கேட்க எங்களுக்கு மனம் வரவில்லை.

அப்போதுதான் ஆர்ம் சேர்வருக்கு மாறினோம். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: இன்டெல், ஏஎம்டி இரண்டும் பேசுவது எக்ஸ்86 என்ற ஒரே பாஷை. அந்தப் பாஷையில் பெரிய அளவில் சேர்வர் சிப் செய்கிறவர்கள் அந்த இருவர்தான். ஆர்ம் இன்னொரு பாஷை, நம் போன்களுக்குள் இருப்பது. உரிமம் வாங்கினால் யாரும் அதில் சிப் வடிவமைக்கலாம். கிளவுட் வாடகைக்கு விடும் அமேசன் 2018இல் கிராவிட்டன் என்று தனக்குச் சொந்தமாக ஒன்றைக் கொண்டுவந்தது. அடுத்து வந்த கிராவிட்டன் 2, கொடுக்கும் காசுக்கு 40 சதவீதம் வரை கூடுதல் பலன் தரும் என்று அவர்களே சொன்னார்கள். எங்களுக்கு அந்த அளவு கிடைக்கவில்லை. பில்லில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அந்த வருடத்தில் அது ஒருவருடைய சம்பளத்தைக் காப்பாற்றியது.

ஆனால் மாறுவதற்கு மூன்று கிழமை போனது. மற்றதெல்லாம் இரண்டு நாளில் ஓடின. பற்றுச்சீட்டு மட்டும் ஓடவில்லை. தமிழில் பிடிஎப் செய்ய நாங்கள் வைத்திருந்த பழைய மென்பொருளை அதைச் செய்தவர்கள் எக்ஸ்86க்கு மட்டும்தான் கொடுத்திருந்தார்கள். வேறொன்றைப் போட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. பிள்ளையின் பெயர் கோகிலா என்றால், தாயின் கையில் போகும் சீட்டில் அது வாசிக்க முடியாத ஏதோவாக இருந்தது. எழுத்துருவை மாற்றி, நிரலை மாற்றி, ஒவ்வொரு கொம்பாகப் பார்த்துச் சரி செய்தோம்.

அந்த மூன்று கிழமையில் அப்பாவிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். முப்பது வருடத்துக்கு மேல் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். மலிவான இடம் இருந்தும் உடனே போக முடியவில்லை என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நம்ம கததாம்மா. அடுத்த தோட்டத்துல என்னா குடுத்தாலும் காம்பிராவ தூக்கிட்டா போக முடியும்?"

அன்றிலிருந்து சிப் சந்தையைப் பற்றி எதை வாசித்தாலும் எனக்கு லயத்து ஞாபகம்தான் வருகிறது. தோட்டத்தில் வேலை செய்தால்தான் காம்பிரா, அதாவது தோட்டம் கொடுக்கும் லயத்து வரிசை வீட்டில் ஒரு அறை. வேலையை விட்டால் பிள்ளைகளோடு எங்கே போவது? அதனால்தான் பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் எடுக்கும் வரிசைக்கு, நின்று பேர் போடும் ஆளுக்கு விலை பேசும் பலம் இருந்ததில்லை. 1992இல் அரசாங்கத் தோட்டங்களை 22 கம்பனிகளிடம் கொடுத்தார்கள். 22 முதலாளிகள் வந்தால் ஆளுக்கு ஆள் போட்டி போட்டுச் சம்பளம் கூடும் என்று யாராவது நினைத்திருந்தால் தப்பில்லை. நடந்தது வேறு. எல்லாக் கம்பனிகளுக்கும் சேர்த்து ஒரே கூட்டு ஒப்பந்தம், ஒரே நாட்சம்பளம். 2021இல் ஆயிரம் ரூபாவுக்கு வந்ததும் கம்பனிகளின் போட்டியால் அல்ல, சம்பளச் சபையின் தீர்மானத்தால். பெயர்ப் பலகைகள் பல இருந்தால் போட்டி இருக்கிறது என்று அர்த்தமில்லை. இது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

சிப் சந்தையில் போட்டி வந்து விலகிப் போனது ஏற்கெனவே ஒருமுறை நடந்திருக்கிறது. 2001இல் இன்டெல் ஐட்டேனியம் என்ற முற்றிலும் புதிய பாஷைக்கு உலகத்தை இழுக்கப் பார்த்தது. பழைய மென்பொருள்கள் அதில் நொண்டின. 2003இல் ஏஎம்டி ஒப்டெரொனைக் கொண்டுவந்தது. பழைய எக்ஸ்86 மென்பொருளும் ஓடும், பெரிய நினைவகத்தைக் கையாளும் 64 பிட் வசதியும் உண்டு. யாரும் வீடு மாறத் தேவையில்லை. அடுத்த வருடமே இன்டெல் அந்த வழியைத் தானும் எடுத்துக்கொண்டது. 2006 அளவில் எக்ஸ்86 சேர்வர்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று ஏஎம்டியுடையது. பிறகு 2011இல் வந்த அதன் புல்டோசர் வடிவமைப்பு சறுக்கியது. 2017க்குள் ஏஎம்டி சேர்வர் சந்தையில் இல்லாத மாதிரிதான். அந்த வெறுமையான வருடங்களின் முடிவில்தான் 10,009 டொலர் விலை வருகிறது.

இன்டெல் தள்ளுபடி கொடுத்துக் கணினி தயாரிப்பாளர்களைக் கட்டிவைத்தது என்று ஐரோப்பிய ஆணைக்குழு 2009இல் 106 கோடி யூரோ தண்டம் போட்டதும், அதே வருடம் இன்டெல் ஏஎம்டிக்கு 125 கோடி டொலர் கொடுத்து வழக்குகளைத் தீர்த்ததும் பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்தத் தண்டத்தை நீதிமன்றம் 2022இல் ரத்துச் செய்தது, 2024இல் மேல்நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சட்டப்படி யார் சரி என்பதற்குள் நான் போகவில்லை. ஒரு போட்டியாளர் எழுந்து நிற்கவும் விழவும் எத்தனை வருடம் எடுக்கிறது, அதற்குள் பில் கட்டுகிறவர் எவ்வளவு கட்டிவிடுகிறார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

இன்று நிலைமை நல்லதென்று எல்லாரும் சொல்கிறார்கள். ஏஎம்டி மீண்டும் நான்கில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டது. 2024இல் அதன் எபிக் 192 கோருக்குப் போனது, இன்டெல்லும் அதே வருடம் 128 கோர் ஸீயொன் வெளியிட்டது. அமேசனிடம் கிராவிட்டன், மைக்ரோசொப்டிடம் கொபால்ட், கூகிளிடம் அக்சியன், என்விடியாவிடம் கிரேஸ். பார்க்கச் சந்தை நிறைந்திருக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் எனக்கு இரண்டு பயம் இருக்கிறது.

ஒன்று, இந்தப் புதிய சிப்களில் பல விற்பனைக்கே இல்லை. கிராவிட்டனைக் காசு கொடுத்து வாங்கி உங்கள் அறையில் வைக்க முடியாது. அமேசனிடம் குடியிருந்தால்தான் கிடைக்கும். அக்சியன் வேண்டுமென்றால் கூகிளிடம் குடியிருக்க வேண்டும். சிப்பும் காம்பிராவும் ஒரே ஆளிடம். யாருக்கும் ஆர்ம் சேர்வர் சிப் விற்றுக்கொண்டிருந்த தனிக் கம்பனி அம்பியர். அதை 650 கோடி டொலருக்கு வாங்குவதாக 2025இல் ஜப்பானிய முதலீட்டுக் கம்பனியான சொப்ட்பேங்க் அறிவித்தது. ஆர்ம் பாஷைக்கு உரிமம் கொடுக்கும் ஆர்ம் கம்பனியில் பெரும்பங்கும் அதே சொப்ட்பேங்கிடம்தான் இருக்கிறது.

மற்றது, தொழிற்சாலை. எபிக், கிராவிட்டன், கிரேஸ் என்று பெயர்கள் பல, ஆனால் முன்னணி வகைகளைச் செய்து கொடுப்பது தாய்வானின் டிஎஸ்எம்சி. ஏஎம்டி விலையைக் குறைக்க நினைத்தாலும் அந்த ஒரே வாசலில்தான் வரிசையில் நிற்க வேண்டும். 22 கம்பனியும் ஒரே சம்பளமும் எனக்கு ஞாபகம் வருவது இந்த இடத்தில்தான்.

அதனால்தான் ஏஎம்டியின் வெற்றியைக் கொண்டாடும் நண்பர்களிடம் நான் சொல்வது: இன்டெல் தோற்க வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். வடிவமைப்பும் முன்னணித் தொழிற்சாலையும் ஒன்றாக வைத்துச் சேர்வர் சிப் செய்யும் பெரிய கம்பனி என்று மிச்சமிருப்பது அதுதான். சிப்பின் பகுதிகளை இன்னும் சின்னதாகச் செய்யும் 10 நனோமீற்றர் தொழில்நுட்பத்தில் வருடக்கணக்கில் தடுமாறி, 2021 ஏப்ரலில்தான் அதில் பெரிய சேர்வர் சிப்பைக் கொண்டுவர முடிந்தது. 2025இல் அமெரிக்க அரசாங்கம் ஏறக்குறைய 10 சதவீதப் பங்கை எடுத்தது, என்விடியா 500 கோடி டொலர் போட முன்வந்தது. அந்தக் காசு அந்தத் தொழிற்சாலைகளை மீட்குமென்றால், ஏஎம்டி ரசிகருக்கும் அது நல்ல செய்தி.

எங்களால் தொழிற்சாலை கட்ட முடியாது. ஆனால் எழுதும் மென்பொருளைக் கட்டிப்போடாமல் வைத்திருக்க முடியும். எங்கள் அறையில் இப்போது ஒரு பழைய இன்டெல் கணினியும் ஒரு சின்ன ஆர்ம் பலகைக் கணினியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. எந்த மாற்றத்தையும் இரண்டிலும் ஓட்டிப் பார்க்காமல் வெளியே விடுவதில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு பற்றுச்சீட்டை இரண்டிலிருந்தும் அச்சடித்து, கொம்புகள் சரியா என்று பார்க்கிறோம். தலவாக்கலை, மஸ்கெலியா, கொட்டகலைப் பக்கம் இப்படிச் சின்னதாக மென்பொருள் செய்கிற பிள்ளைகள் இருந்தால், சனிக்கிழமை பின்னேரம் உங்கள் நிரலைக் கொண்டு வாருங்கள். இரண்டிலும் சேர்ந்து ஓட்டிப் பார்ப்போம். பிடிஎப் பிரச்சினைக்கு நாங்கள் கண்டுபிடித்த வழியையும் தருகிறேன், அந்த மூன்று கிழமை உங்களுக்கும் போக வேண்டாம்.