மண்டபம் கட்டலாம் என்று சொன்னவருக்கு

ஊர் வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று, "நம்ம ஊர் அரசுப் பள்ளிக்கூடத்தை மூடிட்டு மண்டபம் கட்டினா ஊருக்கு வருமானமாவது வரும்" என்று எழுதினாரே, அவர் எனக்கு அண்ணன் முறை. அதனால்தான் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். முடியவில்லை.

பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் நம் வேலூர் மாவட்டம் 2024-லும் 2025-லும் மாநிலத்திலேயே கடைசி, உண்மைதான். ஆனால் 82.07 சதவீதம் ஒரே வருஷத்தில் 85.44 ஆனதை ஏன் யாரும் பகிரவில்லை? அப்புறம், முப்பது பேர் எழுதும் பள்ளியில் ஒரு பிள்ளை தவறினாலே மூன்று சதவீதத்துக்கு மேல் போய்விடும். அந்த ஒரு பிள்ளை யார் என்று கேட்டிருக்கிறீர்களா அண்ணா?

பல வருஷம் அந்தப் பிள்ளை, ஒன்பதாவதில் மார்க் குறைந்ததும் டவுனில் ஒரு தனியார் பள்ளி டி.சி. கொடுத்து அனுப்பிய பிள்ளை. அங்கே நூறு சதவீதம் என்று ஃபிளெக்ஸ் வைக்கிறார்கள். அவர்கள் கழித்துவிட்டதை எங்கள் பள்ளி மார்க் கேட்காமல் சேர்த்துக்கொள்கிறது. சேர்த்துக்கொண்டதுதான் குற்றமா?

இந்தப் பள்ளி சும்மா வந்ததில்லை. எட்டாவதோடு நின்ற காலத்தில் மேலே படிக்க குடியாத்தம் போக வேண்டும், பெண் பிள்ளைகளை யார் அனுப்பினார்கள்? உயர்நிலைப் பள்ளியாக்க ஊர்ப் பங்குத் தொகை கட்ட வேண்டும் என்றதும் வீட்டுக்கு வீடு வசூல் செய்தார்கள். என் தாத்தா கன்றுக்குட்டியை விற்றுக் கொடுத்தார். அண்ணா, உங்கள் அப்பாவும் கொடுத்தார்.

நான் பத்தாவது படித்தபோது ஜூலையிலிருந்து ஜனவரி வரை கணக்கு வாத்தியாரே கிடையாது. பிறகு காட்பாடியிலிருந்து ஒருத்தர் வந்தார். கடைசி பஸ் போகும்வரை உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார். என் பக்கத்து பெஞ்சுப் பெண் வீட்டுக்குப் போனதும் பீடி சுற்றுவாள், முறம் மடியில், புத்தகம் தரையில். இன்று அவள் செவிலியர். எங்கள் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதல் போன் அவளுக்குத்தான்.

வாத்தியார்கள் ஒழுங்கா வர்றாங்களா என்று கேட்பார்கள். வராதவர்களும் இருந்தார்கள், சரி. அதற்காக வருகிறவர்களையும் சேர்த்து மூடுவதா?

உன் பையன் எங்கே படிக்கிறான் என்றும் ஒருத்தர் கேட்டுவிட்டார். தனியார் பள்ளியில்தான். எனக்கு வேலை வேலூரில், வீடும் அங்கே. ஆனால் அது முழுக் காரணம் இல்லை, எனக்கும் பயம் இருந்தது. இந்தக் கேள்வி வலிக்கிறது. ஆனால் அவனுக்கு ஃபீஸ் கட்டும் வேலையை எனக்குக் கொடுத்தது இந்தப் பள்ளிதான். அதைச் சொல்லக்கூட எனக்கு உரிமை இல்லையா?

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் 2022-லிருந்து வருகிறது. கதவு இப்போதுதான் திறக்கிறது, இந்த நேரத்திலா மண்டபம்?

அண்ணா, அந்தக் குழுவில் தலைமை ஆசிரியை டீச்சரும் இருக்கிறார். நீங்கள் எழுதியதைப் படித்தார், பதில் போடவில்லை. மறுநாள் காலை எட்டரை மணிக்கு நம் தெருவில் அவரைப் பார்த்தேன். தவறிய பிள்ளைகளைத் துணைத் தேர்வு எழுத வைக்க வீடு வீடாக ஏறிக்கொண்டிருந்தார்.